முகம் காட்டப் போறவ

சன்னல் ஓரத்துல இடம் கிடைச்சதும் யோசிக்காம உக்காந்துட்டேன், இப்ப பாத்தா வெயில் முழுக்க என் இடது பக்கத்துலதான் விழுது, இடது பக்கம் கடுகு, கடுகு சூடானா லேசுல ஆறாது, நெஞ்சுல யாரோ ஒத்தடம் வைக்கிற மாதிரி கணகணன்னு இருக்கு, முந்தானையை இழுத்து மூடுதேன், முந்தானையும் பட்டு, அதுவும் சூடு. யாரு பட்டு கட்டச் சொன்னா. அமலி டீச்சர்தான் சொன்னாங்க. நல்ல சேலையா கட்டிக்கோ வடிவு, பூ வச்சுக்கோ, லேசா பவுடர் போட்டுக்கோ, உன்னப் பாத்த உடனே அந்தப் பிள்ளைக்கு ஒரு தெம்பு வரணும்னாங்க. கல்யாண வீட்டுக்குப் போறவ மாதிரி டவுண் பஸ்ஸுல உக்காந்திருக்கேன். பக்கத்து சீட்டு அம்மா கேட்டாச்சு, விசேஷ வீடான்னு. ஆமான்னுட்டேன். என்ன விசேஷம்னு கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன். ஒரு பிள்ளைக்குத் திங்கக்கிழமை மார்பை எடுக்கப் போறாங்க, அவ மாட்டேங்கா, எடுத்துட்டு எட்டு வருஷமா நல்லா இருக்கிறவன்னு என்னையக் காட்டப் போறேன், அந்த விசேஷம்னு சொல்லவா. அந்த அம்மா மடியில ஒரு பை நிறைய முருங்கைக்காய், அது என் பட்டுல இடிச்சுக்கிட்டே வருது. இடிக்கட்டும்.

முகம் காட்டுறதுன்னுதான் எங்க ஆளுங்க சொல்லுவோம். கேன்சர் வந்தவங்க, வந்தவங்க வீட்டு ஆளுங்க, எல்லாரும் ஞாயித்துக்கிழமை மத்தியானம் அமலி டீச்சர் வீட்டு மாடியில கூடுவோம், டீச்சரோட வீட்டுக்காரருக்கு வந்து போய்ச் சேந்தாரு, அப்ப ஆரம்பிச்சது. யாருக்குச் சோறு குடுத்து விடணும், யாரு கூட ஆஸ்பத்திரியில உக்காரணும், யாரு முகம் காட்டப் போகணும், எல்லாம் அங்கதான் பேசி முடிவாகும். புதுசா ஒருத்திக்கு வந்திருக்குன்னா பழைய ஆள் ஒருத்தி போயி முன்னாடி நிக்கணும். பேசக்கூட வேண்டாம், நின்னாப் போதும்பாங்க டீச்சர். எனக்கு நின்னா மட்டும் போதாது, எனக்குன்னு ஒரு வித்தை இருக்கு. நான் ஜாக்கெட் தைக்கிறவ. துணிப்பை தச்சு, உள்ள கடுகைப் போட்டு, அளவா மூட்டி, உள்பாடிக்குள்ள வச்சுட்டா எது நெசம் எது கடுகுன்னு பெத்த தாய்க்கே தெரியாது. புதுசா வந்தவ முன்னாடி நேரா உக்காந்துக்கிட்டு, எந்தப் பக்கம் எடுத்திருக்குன்னு சொல்லு பாப்போம்பேன். முக்காவாசிப் பேரு வலது பக்கம்பாங்க. அழுதுக்கிட்டு இருந்தவ அந்த நேரத்துல ஒரு சிரிப்பு சிரிப்பா. அந்தச் சிரிப்பு வந்துட்டா பாதி வேலை முடிஞ்சுது. ஒருத்தி, கல்யாணம் ஆகாத பிள்ளை, தொட்டுப் பாக்கட்டுமான்னு கேட்டுத் தொட்டுப் பாத்துட்டு, அக்கா இது என்னோடதை விட நல்லா இருக்குன்னா. எத்தனை வீடு போயிருப்பேன். ஒரு வீட்டுலயும் எனக்குக் கை நடுங்கினது இல்ல.

இப்பப் பாரு, கை அங்க போயிருச்சு. போகாதன்னு சொன்னேன்ல. கழுத்தெலும்புக்கு மேல, இடது பக்கம், தாலிச் செயின் உருளுற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி. கொண்டைக்கடலை அளவுதான். ஊற வைக்காத கொண்டைக்கடலை. குளிக்கும்போது கைக்குச் சிக்குச்சு, சோப்பு வழுக்கிக்கிட்டு வந்து அங்க ஒரு இடத்துல தடுக்கிச்சு, தண்ணிய ஊத்திட்டு மறுபடி பாத்தேன், இருந்துச்சு. ஈரத் துணியோட எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல, வெளிய இருந்து எங்க வீட்டுக்காரவுக கதவைத் தட்டி, ஏளா, தண்ணி நின்னு போச்சா, மோட்டார் போடவான்னு கேட்டாக. போடுங்கன்னேன். மோட்டார் ஓடுற சத்தத்துல கொஞ்சம் அழுதேன். மறுநாள் லைனிங் துணி வாங்கப் போறேன்னு சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் தொட்டுப் பாத்தாரு, எட்டு வருஷமா என் கூட வம்பளக்கிற மனுஷன் பேசாம ஊசி வச்சு உறிஞ்சி எடுத்தாரு, செவ்வாய்க்கிழமை வாங்கம்மான்னாரு. அம்மாவாம். எப்பவும் வடிவக்கான்னு கூப்பிடுற ஆளு. திரும்பி வரும்போது லைனிங் துணி வாங்க மறந்துட்டேன், வீட்டுல கேட்டா என்ன சொல்றதுன்னு பாதி வழியில இறங்கி, தேவையே இல்லாத கலர்ல கொஞ்சம் துணி வாங்கிக்கிட்டுப் போனேன். அவுக அதைக் கேக்கவே இல்ல. அன்னையில இருந்து மிஷின்ல குனிஞ்ச தலை நிமிரல. அவுக கரண்ட் ஆபீஸ்ல வேலை பாத்த மனுஷன், எங்க லைன் கட் ஆகியிருக்குன்னு கண்ணைப் பாத்தே கண்டுபிடிச்சிருவாக. ஊருக்கெல்லாம் முகம் காட்டப் போறவ, வீட்டுல முகத்தை ஒளிச்சு வச்சுக்கிட்டு இருக்கேன். கையை எடு. முருங்கைக்காய் அம்மா பாக்குது.

வெறும் நெறி கட்டினதா இருக்கும். காய்ச்சல் வந்தா நெறி கட்டும். காய்ச்சல் வரலையே. பல்லு வலிச்சா கட்டும். கடவாப் பல்லு போன மாசம் ஒருநாள் வலிச்சுச்சுல்ல, வலிச்சுச்சா, வலிச்சிருக்கும், நாக்கை வச்சு அமுக்கிப் பாக்கேன், வலிக்க மாட்டேங்கு. ஒரு பல்லு வலிக்கணும்னு எவளாவது வேண்டுவாளா. பாளையங்கோட்டை தாண்டியாச்சு, பஸ் மெதுவாகுது, முன்னாடி ஆட்டோ, லாரி, பைக்கு, எல்லாம் நிக்குது, டிரைவர் வண்டிய ஆஃப் பண்ணிட்டான். ரயில்வே கேட் போட்டாச்சு. கேட்டுக்கு அந்தப் பக்கம்தான் அந்தப் பிள்ளை வீடு. ஜெபராணி. முப்பத்து மூணு வயசாம், சர்ச்சுல கொயர் பாடுறவளாம், முன் வரிசையில நிக்கிறவளாம், எல்லாரும் ஒரே மாதிரி வெள்ளைச் சேலை கட்டி நிக்கையில ஊரே என் நெஞ்சைத்தான் பாக்கும், அதுக்கு நான் செத்துப் போறேன்னு சொல்லுதாளாம். மாமியாக்காரி டீச்சருக்கு போன் போட்டு அழுதிருக்கா. டாக்டர் தள்ளிப் போட முடியாதுன்னுட்டாரு. டீச்சர் என்கிட்ட சொல்லும்போது, இதுக்கு உன்ன விட்டா ஆளே இல்ல வடிவுன்னாங்க. நானும் சரி டீச்சர்னுட்டேன். ஊசி வச்சுட்டு வந்த மறுநாள் அது. முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். முடியாதுன்னா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு சொன்னா அப்புறம் என்னைய அனுப்ப மாட்டாங்க.

ஆமா, அதுதான். சொல்லிட்டா நான் லெச்சுமி அக்கா. லெச்சுமி அக்காவுக்கு என்ன வாய், என்ன சிரிப்பு. முகம் காட்டுறதை ஆரம்பிச்சு வச்சதே அவங்கதான். அப்பல்லாம் நாங்க பைக்குள்ள கடுகு போடல, கம்பு போட்டோம், கம்பு கனமா நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா வேர்வை பட்டுப் பட்டு அது என்ன ஆகும்னு எவளுக்கும் தோணல. லெச்சுமி அக்கா தங்கச்சி மக கல்யாணம், தாலி கட்டுற நேரம், அக்கா மணமேடையில குனிஞ்சு அட்சதை எடுக்காங்க, ஜாக்கெட் கழுத்துக்குள்ள இருந்து ஒரு வண்டு ஏறி வெளிய வருது, பின்னாடியே இன்னொண்ணு. பக்கத்துல நின்ன நான் தட்டி விடுதேன், தட்டத் தட்ட வருது. அக்கா என்னையப் பாத்து, விடுட்டி, அதுகளும் கல்யாணம் பாக்கட்டும்னாங்க. சாப்பாட்டுப் பந்தியில நாங்க ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல எனக்கு ரசம் மூக்குல ஏறிருச்சு. அதுக்கப்புறம்தான் கடுகு. அந்த அக்காவுக்குத் திரும்பி வந்துச்சு. முதுகெலும்புல. வந்ததும் டீச்சர் சொன்னாங்க, இனிமே லெச்சுமிய முகம் காட்ட அனுப்ப வேண்டாம், அவ ஓய்வு எடுக்கட்டும்னு. நல்ல மனசோடதான் சொன்னாங்க. புதுசா வர்றவங்க பயந்துருவாங்கல்ல. யாரும் மறுத்துப் பேசல, அது சொல்லாமலே எங்களுக்குள்ள வழக்கமாயிருச்சு. நாங்க முறை வச்சுச் சோறு கொண்டு போனோம். புளியோதரை, இட்லி, மீன் குழம்பு, கஞ்சி. அக்கா படுத்துக்கிட்டே கேரியரைப் பாத்து, சோறு நிறைய வருது வடிவு, வேலை ஒண்ணும் வர மாட்டேங்குன்னாங்க. அவங்க கடைசியா என்கிட்ட முழுசாப் பேசின பேச்சு அதுதான். நான் அப்ப கேரியர் மூடிய இறுக்கிக்கிட்டு இருந்தேன்.

ரயில் வர்ற மாதிரி தெரியல. இறங்கிரலாமா. இறங்கி எதிர்ல ஒரு பஸ்ஸைப் பிடிச்சு வீட்டுக்குப் போயி, தலை சுத்திச்சு டீச்சர், பாதியில வந்துட்டேன்னு சொல்லிரலாம். வேற ஆளை அனுப்புவாங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, கூட்டத்துல வச்சு ஆள் பாத்து, அதுக்குள்ள அந்தப் பிள்ளை வைராக்கியமா இருந்துட்டா, திங்கக்கிழமை போகலைன்னா. அவ சாவுக்கு நான் பொறுப்பா. இல்ல. ஆமா. சரி, போறேன், போயி என்ன சொல்ல. எட்டு வருஷமாச்சு, பாரு, குதிரை மாதிரி இருக்கேன்னு. இதுவரைக்கும் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன், வாய் கூசாம சொல்லியிருக்கேன், ஏன்னா நெசம். இன்னைக்கும் நெசம்தான். செவ்வாய்க்கிழமை வரைக்கும் நெசம்தான். செவ்வாய்க்கிழமை ரிசல்ட்டு ஒண்ணும் இல்லைன்னு வந்துட்டா நான் சொன்னது பொய்யாகாது. இருக்குன்னு வந்துட்டா? அவ திங்கக்கிழமையே ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருப்பா. என் பொய்யால அவளுக்கு நல்லதுதான் நடந்திருக்கும். அப்புறம் ஒருநாள் யாராவது சொல்லுவாங்க, அந்த வடிவக்காவுக்குத் திரும்ப வந்துட்டாம், உன்கிட்ட வந்து சிரிச்சுப் பேசினப்பவே இருந்துச்சாம்னு. அந்தப் பிள்ளை அப்ப என்ன நினைக்கும். எல்லாரும் இப்படித்தான், எனக்கும் ஒருத்தரும் நெசத்தைச் சொல்ல மாட்டாங்கன்னு நினைக்கும். போன் அடிக்குது, டீச்சர். சேந்துட்டியா வடிவு? கேட்ல நிக்கேன் டீச்சர். பூ வச்சிருக்கியா? வச்சிருக்கேன். அந்தப் பிள்ளை காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலையாம், நீ போயிச் சாப்பிட வச்சிரு. சரி டீச்சர். என்ன குரல் ஒரு மாதிரி இருக்கு? புழுக்கம் டீச்சர். வச்சுட்டேன். சொல்லியிருக்கலாம். பஸ்ஸுல வச்சா சொல்லுவாங்க. ரயில் வந்திருச்சு, சத்தம் காதை அடைக்குது, முருங்கைக்காய் அம்மா காதைப் பொத்துது, நான் என்ன செய்யுதேன், இந்தச் சத்தத்துல கையை மறுபடி அங்க கொண்டு போயி அமுக்கிப் பாக்கேன். இருக்கு. அங்கேயேதான் இருக்கு.

ஜெபராணி வீட்டு வாசல்ல கிறிஸ்துமஸ் ஸ்டார் இன்னும் கழட்டாம தொங்குது, வெளிறிப் போயி. மாமியாக்காரி ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. வாங்கம்மா, உள்ள வாங்க, கர்த்தர்தான் அனுப்பியிருக்காரு, எப்படி இருக்கீங்க, பாக்கவே நல்லா இருக்கீங்க, ஒண்ணுமே தெரியலையே. கண்ணு என் நெஞ்சுக்குப் போயிட்டுச் சட்டுன்னு மேல வருது, எல்லாருக்கும் அப்படித்தான் போகும், நான் கோவிச்சுக்க மாட்டேன். அறைக்குள்ள கூட்டிட்டுப் போயி, ஜெபா, யாரு வந்திருக்காங்கன்னு பாருன்னு சொல்லிட்டு டீ போடப் போயிட்டாங்க. கட்டில் ஓரத்துல உக்காந்திருக்கா. நைட்டிக்கு மேல துண்டைப் போத்தி, ரெண்டு கையையும் கட்டிக்கிட்டு. அழுகிற ஆளு இல்ல இவ. அழுறவங்களை எனக்குத் தெரியும், சமாளிச்சிருவேன். இவ என்னைய ஜவுளிக்கடையில துணியப் பாக்கிற மாதிரி மேலயும் கீழயும் பாக்கா.

"எட்டு வருஷமாக்கா?"

"ஆமாம்மா, எட்டு வருஷம்."

"டீச்சர் போன்ல சொன்னாங்க. ஏதோ வித்தை காட்டுவீங்களாமே, எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்கணுமாமே."

டீச்சர் அதையும் சொல்லிட்டாங்களா. என் கடையைத் திறக்கும் முன்னாடியே சரக்கை எடுத்து வெளிய வச்சாச்சு. சிரிச்சு வச்சேன். பையில இருந்து அவளுக்குன்னு தச்சுக் கொண்டு வந்த கடுகுப் பையை எடுத்து மடியில வச்சேன், வெள்ளைச் சேலைக்குத் தெரியக்கூடாதுன்னு தோல் கலர்ல தேடி எடுத்த துணி. அவ அதைக் கையில வாங்கி உருட்டிப் பாத்தா. கடுகு உள்ள நகருற சத்தம் கேட்டுச்சு. இப்ப நான் சொல்லணும், சொல்லு பாப்போம், எந்தப் பக்கம்னு. வாய் வரைக்கும் வந்துச்சு. நெஞ்சை நிமித்தி உக்காரணும், நிமித்துதேன், கேக்கப் போறேன்.

"இடது பக்கம்" னா அவ, நான் கேக்காமலே.

இதுவரைக்கும் ஒருத்தியும் முதல் தடவையிலேயே சரியாச் சொன்னது இல்ல. எப்படிம்மா கண்டுபிடிச்சன்னு கேட்டேன்.

"அதை வச்சு இல்ல. உள்ள வந்ததுல இருந்து உங்க கை அந்தப் பக்கமே போகுது. கழுத்துக்கிட்ட. செயினைச் சரி பண்ணுற மாதிரி." கடுகுப் பையைக் கட்டில் மேல வச்சா. "நானும் அப்படித்தான்க்கா. எனக்கு வந்தது தெரிஞ்சும் ஆறு மாசம் யாருகிட்டயும் சொல்லல. கொயர்ல பாடும்போது கூட பாட்டுப் புத்தகத்தை நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டு உள்ள விரலால தொட்டுக்கிட்டே இருப்பேன். பக்கத்துல நிக்கிறவளுக்குத் தெரியாது. அங்க என்னக்கா இருக்கு?"

சமையக்கட்டுல டீயை ஆத்துற சத்தம் கேக்குது. ஒண்ணும் இல்லம்மான்னு சொல்லணும். செயின் உறுத்துதுன்னு சொல்லணும். அவ கண்ணை எடுக்காம பாக்கா. இந்த மாதிரி என்னைய ஒருத்தி பாத்து எவ்வளவு நாளாச்சு, எட்டு வருஷமா எல்லாரும் என் நெஞ்சைப் பாத்தாங்க, இல்ல என் பூவையும் பவுடரையும் பாத்தாங்க. எனக்கு லெச்சுமி அக்கா நினைப்பு வந்துச்சு. ஜெபராணி கையைப் பிடிச்சுக் கொண்டு போயி அந்த இடத்துல வச்சேன். அவ விரல் சில்லுன்னு இருந்துச்சு. தேடவே இல்ல, நேரா அதுல போயி நின்னுச்சு.

"செவ்வாய்க்கிழமை தெரியும்" னேன். "வேற எதுவுமா இருக்கலாம். அதுவாகவும் இருக்கலாம். எனக்குப் பயமா இருக்கு ஜெபா. உனக்குத் தைரியம் சொல்ல வந்தவ இப்படிச் சொல்லக்கூடாது. ஆனா எட்டு வருஷமும் நெசம். நான் தச்சேன், சண்டை போட்டேன், பந்தியில சிரிச்சேன், மகளைக் கட்டிக் குடுத்தேன். எடுக்காம விட்டிருந்தா அதுல ஒண்ணும் இல்ல. அதை மட்டும் நீ நம்பலாம்."

அவ கையை எடுக்கல. தொலைஞ்சுது, காரியத்தைக் கெடுத்துட்டேன், டீச்சர் முகத்துல எப்படி முழிப்பேன்னு ஓடுது எனக்கு.

"செவ்வாய்க்கிழமை உங்க கூட யாரு வாரா?"

"யாரும் இல்ல. யாருக்கும் தெரியாது. நீதான் முதல்ல."

"அண்ணாச்சிக்கும் தெரியாதா?"

"தெரியாது."

"எங்க மாமியா அங்க என்னைய நினைச்சு அழுதுக்கிட்டே டீ போடுதாங்க, நீங்க இங்க வந்து எனக்குப் புத்தி சொல்லுதீங்க, உங்க வீட்டுல போயி வாய மூடிக்கிடுவீங்க." கோவமா சொன்னா, ஆனா கை என் கழுத்துலதான் இருந்துச்சு. "அதே ஆஸ்பத்திரிதான? நான் திங்கக்கிழமை அட்மிட் ஆனா செவ்வாய்க்கிழமை மேல மாடியில படுத்திருப்பேன். ரிசல்ட்டை வாங்கிட்டு நேரா ஏறி வாங்க. படியில உக்காந்து அழக்கூடாது. ஆனா ஒண்ணு. அண்ணாச்சிகிட்ட இப்பவே சொல்லுங்க. என் முன்னாடி. நீங்க சொன்னா நான் திங்கக்கிழமை ஆபரேஷனுக்குப் போறேன்."

விளையாட்டுக்குச் சொல்லல. நைட்டிக்கு மேல போத்தியிருந்த துண்டை எடுத்துக் கட்டில்ல போட்டுட்டு, நேரா உக்காந்துக்கிட்டா. மாமியாக்காரி ரெண்டு டீயும் ஒரு தட்டுல இட்லியும் கொண்டு வந்து வச்சுட்டு, எங்க முகத்தைப் பாத்துட்டுக் கதவைச் சாத்திக்கிட்டுப் போனாங்க. ஜெபராணி இட்லியப் பிச்சு வாயில போட்டுக்கிட்டே என்னையப் பாக்கா. நான் போனை எடுத்தேன். விரல் வேற எங்கயோ பட்டு ரெண்டு தடவை தப்பாப் போயி, மூணாவது தடவை மணி அடிச்சுச்சு. உடனே எடுத்துட்டாக, பக்கத்துலயே வச்சிருந்திருக்காக.

"ஏளா, போய்ச் சேந்துட்டியா? கேட் போட்டிருந்தானா?"

மிக்சி ஓடிக்கிட்டு இருந்துச்சு அங்க, என்னமோ அரைக்காக. மிக்சி நின்னுச்சு.

"வடிவு?"

"கேக்குதா உங்களுக்கு?"

"நாலு நாளா கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" னாக. "சொல்லு."